நான்காம் வீட்டு அன்றாடம்

2006 ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்குச் சிவராமன் அன்றாட வாழ்க்கையில் சேர்க்கப்பட்டார்.

அதுவரை தான் வாழ்ந்தது அன்றாட வாழ்க்கை அல்ல என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வெள்ளனே எழுந்து கேரட் தோட்டத்துக்குப் போவார். இருட்டுகிற நேரத்தில் திரும்புவார். சாப்பிட்டுப் படுப்பார். இயக்குநர் குருநாதன் இதைப் பிழைப்பு என்று வகைப்படுத்தினார். பிழைப்பு வேறு, அன்றாடம் வேறு.

குருநாதன் பழனிக்காரர், முனைவர். ஜப்பானியருக்கு அன்றாட ஆங்கிலம் கற்பிக்கும் நிலையம் ஒன்றைக் கொடைக்கானலில் தொடங்கியிருந்தார். வட்டக்கானலுக்குப் போகும் வழியில், மூடிப்போன பேரிக்காய்த் தோட்டத்தின் பங்களாதான் நிலையம். சென்னைக்குப் பக்கத்தில் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனி ஒன்று தன் ஆட்களை மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியது. அவர்களுக்கு இலக்கணம் தெரியும். இலக்கணத்தில் சந்தேகம் வந்தால் குருநாதனே அவர்களிடம்தான் கேட்டுக்கொள்வார். மழை பெய்தால் வெள்ளைக்காரன் என்ன சொல்வான், பிரியும்போது என்ன சொல்வான் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

அதைப் பழகிப் பார்க்க ஓர் ஆங்கிலக் கிராமம் வேண்டியிருந்தது. பங்களாவுக்குப் பின்னால் ஒரு லயம் இருந்தது. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. யாரிடமும் பட்டா இல்லை. நிலையம் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது லயமும் அதற்குள் அடங்கிவிட்டது.

குருநாதன் லயத்து வாசலில் எல்லோரையும் நிறுத்திப் பேசினார்.

"நான் யாரையும் விரட்டுகிறவன் அல்ல. நீங்கள் அன்றாடமாக இருக்கிறவரை இங்கேயே இருக்கலாம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை வீட்டில் இருங்கள். மாணவர்கள் வருவார்கள். கொடுத்த சொற்றொடரைச் சொல்லுங்கள். ஆகஸ்டில் பரீட்சை. மாணவருக்கும் வீட்டுக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண். தேறாத வீடு காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான்."

"சம்பளம்ங்க?" என்று கேட்டார் சோலைமலை. சிவராமனின் மனைவி விஜயராணிக்கு அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தங்கை வீட்டில்தான் இருந்தார்.

குருநாதன் வருத்தத்துடன் சிரித்தார். "அன்றாட வாழ்க்கைக்கு உலகத்தில் எங்கேயாவது சம்பளம் உண்டா? கொடுத்தால் அது வேலையாகிவிடும். வேலையாகிவிட்டால் இயல்பு கெட்டுப்போகும். ஜப்பான்காரர்கள் நுட்பமானவர்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்."

சோலைமலை சிவராமன் பக்கம் குனிந்தார். "மாப்ள, அங்கிட்டு தொரை கூலி குடுத்து வேல வாங்குனான். இவரு நம்ம வாழுறதையே ஓசியில வாங்குறாரு."

"சும்மா இருங்க மச்சான். வீடு கெடக்குல்ல."

வீடுகளுக்குப் பொருள் பிரிக்கப்பட்டது. முதல் வீடு வானிலை. இரண்டாம் வீடு உடல்நலம். மூன்றாம் வீட்டில் மூக்கம்மா தனியாக இருந்தாள். அவளுக்கு விருந்தோம்பல். நான்காம் வீடு சிவராமனுடையது: சந்தித்தலும் விடைபெறுதலும்.

முதல் வீட்டுக்காரர் காலையில் 'லவ்லி டே' என்று மகிழ வேண்டும். மதியத்துக்குமேல், வானத்திலிருந்து நாயும் பூனையுமாகக் கொட்டுகிறது என்று ஆங்கிலத்தில் அலுத்துக்கொள்ள வேண்டும். ஜூனில் காலையில்தான் தூறியது, மதியம் வெளுத்தது. அவர் அதைச் சொல்லிப் பார்த்தார்.

"வானத்தை நம்பிப் பாடத்திட்டம் போட முடியாது" என்றார் குருநாதன்.

மூக்கம்மாவுக்குத் தட்டு நிறைய பிஸ்கட் கொடுக்கப்பட்டது. பிஸ்கட்டுகள் மெழுகில் செய்தவை. எடுத்துக்கொள்ளச் சொல்வது மூக்கம்மாவின் பாடம். வயிறு நிறைந்துவிட்டது என்று மறுப்பது ஜப்பானியர் பாடம். தின்பதற்கு இரண்டு பக்கமும் வசனம் இல்லை.

"வாசலுக்கு வந்தவன்ட்ட மெழுக நீட்டுறேன்" என்றாள் மூக்கம்மா. "எமன் எனக்குன்னு தனியா ஒரு லயம் கட்டிக்கிட்டு இருப்பான்."

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள சேனாதிபதி நியமிக்கப்பட்டார். முன்பு ஏரியில் படகுக்குச் சீட்டுக் கிழித்தவர். இப்போது அன்றாட மேற்பார்வையாளர். குடையும் விசிலும் வைத்திருந்தார். ஒன்பது அடிக்கும்போது விசில் ஊதுவார். அன்றாடம் தொடங்கும். அதற்கு முன்னால் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார். இலங்கைத் தோட்டத்தில் காலையில் இப்படி ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள்.

"கடல் தாண்டி வந்தும் பெரட்டு விடல பாத்தியா" என்றார் சோலைமலை. சேனாதிபதிக்குக் கேட்டது. தமிழ் பின்னணி ஒலியாக மட்டும் அனுமதிக்கப்படும் என்று மறுநாள் அறிவித்தார்.

பகல் முழுவதும் அன்றாடத்துக்குப் போனதால் பிழைப்பு விடியற்காலைக்குப் போனது. சிவராமனும் விஜயராணியும் இருட்டிலேயே ஓடைக்குப் போய் மூட்டை மூட்டையாகக் கேரட் கழுவினார்கள். ஓடைத் தண்ணீரில் கை மரத்துப்போகும். அந்தக் கையைத்தான் சிவராமன் ஒன்பது மணிக்கு நீட்டிக் குலுக்க வேண்டும். நான்காம் வீட்டுக்காரரின் கைகுலுக்கல் ஆங்கிலேயத் தன்மையுடன் குளிர்ச்சியாக இருப்பதாக ஜூலை அறிக்கையில் பாராட்டியிருந்தார்கள்.

நான்காம் வீட்டுக்கு வந்த மாணவர் நிஷியாமா. ஐம்பது தாண்டியவர். கம்பெனியில் உதிரிபாகக் கிடங்கு பார்த்தவர். தினமும் காலையில் வாசலில் நின்று குனிந்து வணங்குவார். பிறகு தவறு செய்துவிட்டவர்போல் நிமிர்ந்து கையை நீட்டுவார்.

"லாங் டைம் நோ சீ" என்பார் சிவராமன். பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று பொருள். இருவரும் முந்தின நாள்தான் பார்த்திருப்பார்கள்.

நிஷியாமா அதையே திருப்பிச் சொல்வார். ஒரு மணி நேரம் கழித்து 'சீ யூ சூன்'. சீக்கிரம் பார்க்கலாம். சந்திப்பதற்கும் பிரிவதற்கும் நடுவில் பாடம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். விஜயராணி மலைப்பூண்டை முறத்தில் கொட்டி உரிப்பாள். நிஷியாமாவும் உரிக்கத் தொடங்கினார். அவர் உரித்த பல் ஒவ்வொன்றும் கடையில் வைத்து விற்கலாம்போல் இருந்தது.

"கெட்டிக்காரர்" என்றாள் விஜயராணி.

"கெட்டிக்காரன் எதுக்குடி இங்க வந்து ஒக்காந்து பூண்டு உரிக்கிறான்?" என்றார் உள்ளே படுத்திருந்த சோலைமலை. சொல்லிவிட்டு நெடுநேரம் இருமினார்.

ஒருநாள் சேனாதிபதி அந்தப் பக்கம் இல்லாதபோது நிஷியாமா பாடத்தில் இல்லாததைச் சொன்னார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஃபெயில், நோ ஜாப்" என்றார்.

சிவராமன் யோசித்தார். தகரக் கூரையைக் காட்டினார். "ஃபெயில், நோ ஹவுஸ்."

அதற்குமேல் அவர்களுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

ஜூலை கடைசியில் இயக்குநர் வீடுகளைப் பார்வையிட வந்தார். நான்காம் வீட்டு வாசலில் நின்று காதைச் சாய்த்தார்.

"இந்த இருமல் யாருடையது?"

"எங்கண்ணன்து சார்" என்றாள் விஜயராணி. "மழை ஆரம்பிச்சதுலேர்ந்து இருக்கு. நெஞ்சுல கட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்குது."

"இருமல் இரண்டாம் வீட்டுக்கு உரியதம்மா. உடல்நலம் அங்கேதான். இங்கே சந்தித்தல், விடைபெறுதல் மட்டும். இரண்டையும் கலந்தால் மாணவருக்குக் குழப்பம்."

மறுநாளிலிருந்து ஒன்பது மணிக்குச் சோலைமலையைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் இரண்டாம் வீட்டு வாசலில் கம்பளி போட்டு உட்காரவைத்தார்கள். மாணவர்கள் வந்து நலம் விசாரித்தார்கள். இரண்டாம் வீட்டுக்காரர், உடம்பு கல்லுப்போல் இருக்கிறது என்னும் பொருளில் ஒரு சொற்றொடர் சொன்னார். பின்னால் சோலைமலை இருமினார். மாணவர்கள் இரண்டையும் குறித்துக்கொண்டார்கள்.

"மச்சான எப்புடி வச்சிருக்காங்க?" என்று அன்று சாயங்காலம் சிவராமன் கேட்டார்.

"கல்லுப்போல வச்சிருக்காக" என்றார் சோலைமலை. "நாள் பூரா அதத்தான் எனக்கு எடுத்துச் சொல்றாக."

ஆகஸ்டு மூன்றாம் வாரம் சளியில் ரத்தம் வந்தது. சிவராமன் சேனாதிபதியிடம் போய் ஒருநாள் விடுப்புக் கேட்டார்.

"எதிலேருந்து விடுப்பு?"

"இதுலேருந்துதான் சார். மச்சான ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

சேனாதிபதி கெட்டவர் அல்ல. பங்களாவுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது.

"அன்றாட வாழ்க்கையிலேருந்து விடுப்பு எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாருங்க. அப்படி எடுத்தா அது விடுமுறையாம். விடுமுறை தனிப் பாடமாம். அத அஞ்சாம் வீட்டுக்குக் குடுத்தாச்சாம்."

"அப்ப அஞ்சாம் வீட்டுக்காரரு கூட்டிட்டுப் போகட்டும் சார்."

"அவரு விடுமுறையப் பத்திப் பேசத்தான் செய்யலாம். போகக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அன்றாடம் இல்லை. சிவராமன் சோலைமலையைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு டாக்டரும் இல்லை. மாத்திரை கொடுத்து வார நாளில் வரச் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் சோலைமலை ஜன்னலுக்கு வெளியே பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வந்தார். "லவ்லி டே" என்றார். சிவராமனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் வீட்டுப் பரீட்சை அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு என்று குறித்திருந்தார்கள். சென்னையிலிருந்து தேர்வுக் குழு வந்து பங்களாவில் இறங்கியிருந்தது. வியாழக்கிழமை விடியும்போது சோலைமலை இறந்துபோனார்.

சிவராமன் பங்களாவுக்குப் போனார். குருநாதன் கம்பளிச் சால்வை போர்த்திக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். செய்தி கேட்டதும் எழுந்து நின்றார். அவர் மரியாதை தெரிந்தவர்.

"பரீட்சைய ஒருநாள் தள்ளி வைங்க சார். மத்தியானம்தான் எடுக்குறோம்."

"மனம் கனக்கிறது சிவராமன். ஆனால் நான் சொல்வதைக் கொஞ்சம் யோசியுங்கள். மரணம் உலகத்தில் அன்றாடம் நடப்பது. ஆனால் ஒரு வீட்டில் அன்றாடம் நடப்பதல்ல. ஆகவே அது பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிறது. வெளியே இருக்கிற ஒன்றுக்காக உள்ளே இருக்கிறதை நான் எப்படித் தள்ளி வைப்பது? குழு நாளைக் காலையில் மலை இறங்கிவிடும். நீங்கள் இரண்டு மணிக்குள் அடக்கத்தை முடித்துவிட்டால், மூன்று மணிக்கு மறுபடியும் அன்றாடம் ஆகிவிடலாம். நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறது."

"வீட்டுல எழவு சார்."

"வீடு இருக்க வேண்டும் என்றுதானே நானும் சொல்கிறேன்."

பன்னிரண்டு மணிக்குமேல் எடுத்தார்கள். யூகலிப்டஸ் தோப்பைத் தாண்டிச் சரிவில்தான் லயத்துக்காரர்களின் இடுகாடு. தூறல் விடவில்லை. நிஷியாமா வகுப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். மற்றவர்கள் மண் தள்ளுவதைப் பார்த்துத் தானும் கைப்பிடி மண் எடுத்துப் போட்டார். கையைத் துடைக்கவில்லை.

குளித்து ஈர வேட்டியோடு ஆண்கள் திரும்பி வந்தபோது, சோலைமலையின் தலை இருந்த இடத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. பக்கத்தில் விஜயராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கம்மா அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு, விஜயராணியின் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் இறங்கினாள்.

நிஷியாமா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் வீட்டில் மூன்று மாதம் விடைபெறப் படித்தவர் அவர்.

"யாரும் சொல்லிக்கொள்ளவில்லையே" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சிவராமனிடம் கேட்டார்.

சிவராமன் இரண்டாம் முறையாகக் கொடுக்கப்படாத ஆங்கிலத்தில் பேசினார். "டெத் ஹவுஸ். நோ பை." அது போதவில்லை. விரலால் வெளியே காட்டி, பிறகு உள்ளே காட்டினார். "ஐ கம் அகெய்ன், சொன்னா, டெத் கம் அகெய்ன்." போய் வருகிறேன் என்றால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகும்.

நிஷியாமா தலையசைத்தார். தங்கள் ஊரிலும் சாவு வீட்டில் 'மறுபடியும்' என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை என்றார்.

மூன்று மணிக்கு விசில் கேட்டது. மெல்லத்தான் ஊதினார் சேனாதிபதி.

குருநாதனும் குழுவினர் மூவரும் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டார்கள். உள்ளே நாற்காலிகள் போடப்பட்டன. ஒரு நாற்காலி விளக்குக்கு மிக அருகே வந்தது. குழுத் தலைவர் அதைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார். விதிகள் வாசிக்கப்பட்டன. மாணவர் சந்தித்து, உரையாடி, விடைபெற வேண்டும். விடைபெறாதவர் தேறாதவர். வீட்டுக்காரர் முந்திக்கொண்டு விடைசொன்னால் மாணவர் அதைத் திருப்பிச் சொல்லலாம். அதற்கும் முழு மதிப்பெண் உண்டு.

நிஷியாமா உள்ளே வந்தார்.

"லாங் டைம் நோ சீ" என்றார் சிவராமன். அவர் தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"லாங் டைம் நோ சீ" என்றார் நிஷியாமா. அவர் நகக்கண்ணில் மண் இருந்தது.

எப்படிப் போகிறது எல்லாம் என்று நிஷியாமா கேட்டார். குறைசொல்ல ஒன்றுமில்லை என்று சிவராமன் பதில் சொன்னார். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்க வேண்டிய இடத்தில் நிஷியாமா நின்றார். குழு பேனாவைத் தூக்கியது. அவர் கேட்டார். சிவராமன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். எல்லோரும் நலம். குழுத் தலைவர் பேனாவால் ஏதோ குறித்தார். உச்சரிப்பு நன்றாக இருந்தது.

நிஷியாமா எழுந்தார். மிச்சம் ஒரே வரிதான்.

வாயைத் திறந்தார். விளக்கைப் பார்த்தார். விஜயராணியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

வாசலில் சேனாதிபதி குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிவராமனுக்குச் சைகை காட்டினார். சொல்லுங்க, நீங்களாவது சொல்லுங்க, வெரசா. உதடு அசைவது தெரிந்தது. சொன்னால் நிஷியாமா திருப்பிச் சொல்வார். வேலை இருக்கும். வீடு இருக்கும்.

சிவராமனுக்கு வரி மறக்கவில்லை. மூன்று மாதமாகத் தினமும் சொன்ன வரி. நாக்கு நுனிவரை வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

நிஷியாமா இடுப்புவரை குனிந்து வணங்கினார். நிமிர்ந்தார். வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். திரும்பிப் பார்க்காமல் தூறலில் நடந்து போனார்.

"மறந்துவிட்டாரா?" என்றார் குழுத் தலைவர்.

"இல்லைங்க" என்றார் சிவராமன். "சாவு வீட்டுல சொல்லிக்கிறது இல்ல. அவருக்குத் தெரியும். அதான் போயிட்டாரு."

குழு குருநாதனைப் பார்த்தது.

"எனக்குத் தெரியாதா?" என்றார் குருநாதன். "நானும் பழனிக்காரன்தான். என் தகப்பனார் இறந்தபோது ஊரே வாய் திறக்காமல்தான் கலைந்தது. வழக்கத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் பாடத்திட்டம் பழனியில் எழுதப்பட்டதல்ல. மாணவர் நம் வழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். இதைவிட மோசமான தோல்வி ஒரு மொழி நிலையத்துக்கு இருக்க முடியாது."

அந்த மாணவர் இனிக் கம்பெனியின் பொறுப்பு என்று குழு முடிவு செய்தது. நான்காம் வீடு மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். துக்கத்தை முன்னிட்டுப் பதினாறாம் நாள் காரியம்வரை அவகாசம் தரலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். மாதக் கடைசி அதற்கு முன்பே வந்துவிடுகிறது, இரண்டு தேதி கொடுத்தால் குழப்பம் என்றார் குருநாதன்.

நாற்காலிகளைத் தூக்கினார்கள். குழுத் தலைவருக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. விடைபெறும் பகுதியில் எந்த வரியும் சொல்லப்படவில்லை. தவறு கற்பித்தலில் இல்லை என்று தான் எழுத வேண்டுமானால், அந்த வரி இந்த வீட்டில் ஒருமுறையாவது சரியாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

"அதற்கென்ன" என்றார் குருநாதன்.

அவர் வாசற்படியில் போய் நின்றார். சால்வையைச் சரிசெய்தார். உள்ளே திரும்பி, விஜயராணியைப் பார்த்துப் புன்னகை செய்து கையை ஆட்டினார். அவருடைய உச்சரிப்பு தெளிவாக இருந்தது.

"சீ யூ அகெய்ன், வெரி சூன்!"

குழுத் தலைவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். சேனாதிபதி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விஜயராணி தலையைத் தூக்கினாள். "என்னாங்க சொல்றாரு?"

சிவராமன் குருநாதனைப் பார்த்தார். பிறகு, "மறுபடியும் சீக்கிரமே வர்றாராம்" என்றார்.

விஜயராணி சுவரைப் பிடித்து எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல்வரை வந்தாள். குருநாதன் ஒரு செருப்பை மாட்டியிருந்தார். மற்றதைக் காலால் தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்" என்றாள் அவள். "அடுத்தாப்புல இந்த வீட்டுல யாருக்கு வர்றீங்க?"